இரண்டு முழத் தங்கூசி

ஆரணியிலிருந்து எந்தக் கடற்கரைக்குப் போனாலும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். எங்களுக்குத் தெரிந்த ஆறு கமண்டல நாகநதி. அதில் தண்ணீரைவிட மணலைப் பார்த்த நாள்தான் அதிகம். மீன் என்றால் ஏரி வற்றும்போது கிடைக்கும் கெண்டை, விரால், கெளுத்தி. கடல் மீன் ஐஸ் பெட்டியில் வரும். அம்மா செவுளைத் தூக்கிப் பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், ஆனாலும் வாங்குவார். அந்த ஊர்க்காரன் கனடாவின் மேற்குக் கரையில், பசிபிக் கடலில் படகை ஓட்டிக்கொண்டு, சால்மனுக்கு எந்த இரை போடுவது என்று மணிக்கணக்கில் வாதாடுவான் என்று சொன்னால் எங்கள் தெருவில் யாரும் நம்ப மாட்டார்கள். எனக்கே அது வந்த வழி மீன் வழி அல்ல, சாயத்தின் வழி.

அப்பா தறியில் உட்கார்ந்தவர் இல்லை, சாயம் போட்டவர். கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்ட வெந்நீரில் வேகவைத்துப் பசை எடுப்பார்கள். அதில் பட்டின் எடை கிட்டத்தட்டக் கால் பங்கு குறைந்துவிடும்; அதன் பிறகுதான் அந்த மினுமினுப்பு. பசை போன கழிகளை மூங்கில் குச்சியில் மாட்டி, சாயம் கரைத்த செப்புத் தொட்டிக்குள் திருப்பித் திருப்பி முக்குவார்கள். முதலாளி கொடுத்த சாம்பிள் இழை ஒன்று அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். தொட்டியிலிருந்து ஒரு கழியை எடுத்து, பிழிந்து, வாசலுக்குக் கொண்டுபோய், வெயிலில் அந்த இழையை அதன்மேல் வைத்துப் பார்ப்பார். ஈரப் பட்டு எப்போதும் ஒரு படி கறுத்துத் தெரியும். காய்ந்த பிறகு என்ன நிறம் வரும் என்பதை ஈரத்திலேயே சொல்லத் தெரிய வேண்டும். பட்டறைக்குள் குண்டு பல்பு வெளிச்சத்தில் நிறத்தைப் பற்றி யாராவது பேசினால் அப்பா பதிலே சொல்ல மாட்டார். அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை, மயில்கழுத்து என்று எனக்கு எழுத்துக்கு முன்பே நிறங்கள் வந்துவிட்டன.

இந்தக் கண்ணோடுதான் 2000-களின் தொடக்கத்தில், வேலை நிமித்தம் வான்கூவர் வந்து சேர்ந்த பிறகு, வான்கூவர் தீவிலுள்ள போர்ட் அல்பர்னியில் ஒரு மீன்பிடி சாமான் கடைக்குள் போனேன். ஒரு சுவர் முழுக்க ஹூச்சி தொங்குகிறது. ஹூச்சி என்பது ரப்பர் போன்ற மெல்லிய பிளாஸ்டிக்கில் செய்த பொய்க் கணவாய். தலை ஒரு குமிழ், அதற்குக் கீழே பாவாடை மாதிரி கால்கள். அடுத்த சுவரில் ஸ்பூன்கள். கைப்பிடி இல்லாத கரண்டியைத் தட்டையாக அடித்த மாதிரி உலோகத் தகடு, வாலில் ஒற்றைத் தூண்டில். அதற்குப் பக்கத்தில் ஒரு சாணுக்கு மேல் நீளமான பிளாஸ்டிக் பலகைகள். அவற்றின் பெயர் ப்ளாஷர். நிறங்களுக்கு வைத்திருக்கும் பெயரைப் பார்த்தால் நம்மூர்ப் பட்டுக்கடைக்காரர்கள் தோற்றார்கள்: ஆர்மி ட்ரக், ஐரிஷ் க்ரீம், காப் கார். நான் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, கடை வாசலுக்குப் போய், வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன தம்பி, சீலைக் கடையில நிக்கிற மாதிரி நிக்கிறீர்?"

அப்படித்தான் அண்ணையைத் தெரியும். யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரர். 1990-இல் ஊரே எழும்பியபோது எழும்பியவர். இங்கே வந்து மீன் பதனிடும் ஆலையில் நின்று நின்று முழங்கால் போய், பிறகு ஒரு சிறு படகு வாங்கினார். மயிலிட்டித் துறைமுகம் 2017-இல்தான் ஊர்க்காரர்கள் கைக்குத் திரும்ப வந்தது. அன்றைக்கு அவர் படகை எடுக்கவில்லை, போனை வைக்கவும் இல்லை. ஊரில் அறக்குளாவுக்கும் சூரைக்கும் கோழியிறகையும், பிரித்த வெள்ளை நைலோன் கயிற்றையும் தூண்டிலில் கட்டி, ஓடும் வள்ளத்தின் பின்னால் இழுத்துப் பிடித்தவர். இங்கே ட்ரோலிங் என்று சொல்வதும் அதேதான். பாக் நீரிணையில் சண்டைக்குக் காரணமான இழுவை மடி இல்லை இது. ஒரு கயிறு, ஒரு தூண்டில், ஒரு மீன்.

என் கையிலிருந்த அரக்குச் சிவப்பு ஹூச்சியை வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்ல வடிவு. மேல நிண்டு பாக்கேக்க" என்றார். வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்க வைத்து, யூக்லூலெட்டில் படகு கட்டியிருந்த இடத்துக்குக் கூட்டிப்போனார்.

அங்கே அவர் செய்ததை நான் எத்தனையோ பேருக்குச் செய்து காட்டிவிட்டேன். ஒரு வெள்ளை பிளாஸ்டிக் சாப்பாட்டுத் தட்டு. அதன்மேல் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, கறுப்பு என்று நாலு ஹூச்சியைக் கட்டினார். அடியில் ஒரு ஈயக் குண்டு. கயிற்றில் கட்டி, படகின் நிழல் விழாத பக்கமாக மெல்ல இறக்கினார். முதலில் எல்லாம் அழகாகத் தெரிந்தன. இரண்டாள் உயரம் இறங்குவதற்குள் சிவப்பு, காய்ந்த வெற்றிலைக் கறையின் நிறத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் போனதும் சிவப்பு எது, கறுப்பு எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. ஆரஞ்சு மங்கி மண் நிறமானது. தட்டு கண்ணுக்குத் தெரிந்த கடைசி அடி வரை பச்சை மட்டும் பச்சையாக இருந்தது.

காரணம் எளிது. தண்ணீர் முதலில் குடிப்பது சிவப்பு ஒளியைத்தான். சில மீட்டருக்குள் அது தீர்ந்துவிடும். தெளிந்த நடுக்கடலில் நீலம் மிக ஆழம் வரை போகும். ஆனால் இந்தக் கரையோரத் தண்ணீர் நுண்பாசி நிறைந்தது. அது நீலத்தையும் சாப்பிட்டுவிட, மிஞ்சுவது பச்சை. பெரிய சினுக் சால்மன் கோடையில் நூறு, நூற்றைம்பது, இருநூறு அடி ஆழத்தில் நிற்கும். அந்த ஆழத்தில் என் அரக்குச் சிவப்பு வெறும் இருட்டு. அங்கே வேலை செய்வது நிறம் அல்ல. வெளுப்புக்கும் கறுப்புக்கும் உள்ள எதிர்நிலை, தகட்டின் மினுக்கம், வெளிச்சம் காட்டி வைத்தால் இருட்டில் ஒளிரும் பூச்சு. காப் கார் என்ற அந்தக் கறுப்பு வெள்ளை ஸ்பூன் ஏன் இவ்வளவு மீன் பிடிக்கிறது என்பது அன்றைக்குப் புரிந்தது. அதைக் கடையில் நான் கையால்கூடத் தொட்டிருக்கவில்லை.

அதற்காகச் சிவப்பு வீண் என்றும் இல்லை. சூரியன் ஏறாத காலையில் கோஹோ சால்மன் மேல்மட்டத்தில், இருபது முப்பது அடிக்குள் திரியும். அங்கே ஆரஞ்சும் ரோஸும் பேசும். ஆழத்தைச் சொல்லாமல் "எந்தக் கலர் நல்லது?" என்று கேட்பவருக்கு அப்பா பல்பு வெளிச்சத்தில் கொடுத்த பதிலைத்தான் நானும் கொடுக்கிறேன்.

இனி, கடைக்காரர்கள் அதிகம் பேசாத விஷயம். ஹூச்சிக்குத் தானாக எந்த அசைவும் கிடையாது. தண்ணீரில் இழுத்தால் செத்த கணவாய் மாதிரி நேராக வரும். அதற்கு உயிர் கொடுப்பது முன்னால் போகும் ப்ளாஷர். சரியான வேகத்தில் இழுத்தால் ப்ளாஷர் பெரிய வட்டமாகச் சுழலும்; ஒவ்வொரு சுற்றிலும் பின்னால் இருக்கும் ஹூச்சியை ஒரு உதறு உதறும். அந்தப் பலகையின் மினுக்கம் தூரத்து மீனைத் திரும்ப வைக்கிறது. அது கிளப்பும் அதிர்வை மீன் தன் உடலின் பக்கவாட்டுக் கோட்டால் உணர்கிறது. ஆனால் வாயைத் திறக்க வைப்பது அந்த உதறல்தான். உதறலின் அளவை முடிவு செய்வது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நரம்பின் நீளம். அண்ணை அதைத் தங்கூசி என்பார். நீளம் குறைந்தால் உதறல் வெடுக்வெடுக்கென்று வரும். கூடினால் சோம்பலாக வரும்.

இங்குள்ளவர்கள் இதை அங்குலத்தில் பேசுவார்கள். எனக்கு முழம்தான் வருகிறது. முழங்கை எப்போதும் கூடவே இருக்கிறது. சினுக்குக்கு ஹூச்சி என்றால் இரண்டு முழம், அது மந்தமாக இருக்கும் நாளில் இரண்டரை. கோஹோ துடுக்கான மீன். ஒன்றரை முழம் போதும். ஸ்பூன் தானே ஆடும் தன்மையுள்ளது, ப்ளாஷரின் உதறல் அதன் ஆட்டத்தைக் கெடுக்கும். அதனால் மூன்று, நான்கு முழம் தள்ளிக் கட்ட வேண்டும். பிளாஸ்டிக் தலைக்குள் முழு நெத்திலியைச் செருகி இழுப்பதானால் நான்கு முழத்துக்குக் குறையாமல். இந்த ஊர் நெத்திலி நம்முடையதைப் போல மூன்று மடங்கு நீளம். முந்தின இரவே கல்லுப்பில் போட்டு இறுக்கி வைத்தால்தான் தூண்டிலில் நிற்கும். இல்லாவிட்டால் பத்து நிமிடத்தில் வயிறு பிய்ந்து, முள்ளும் தோலுமாக வரும். இரை உடம்பை எந்த அளவு வளைத்துச் செருகுகிறோமோ அந்த அளவுக்கு அது உருளும். துப்பாக்கிக் குண்டு மாதிரி இறுக்கமாக உருண்டால் சினுக்குக்கு. பீப்பாய் மாதிரி அகலமாக உருண்டால் இன்னும் மெதுவாக இழுக்க வேண்டும் என்று அர்த்தம். நிறத்துக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை முடிச்சுக்கும் முழத்துக்கும் செலவழித்தால் மீன் வரும் என்பது என் துணிபு.

வேகம் இன்னும் வில்லங்கம். சினுக்குக்கு இரண்டு முதல் இரண்டரை நாட், கோஹோவுக்கு மூன்றுக்கு மேல் என்று புத்தகம் சொல்லும். ஆனால் ஜிபிஎஸ் காட்டும் வேகம் பூமிக்கு மேல் நாம் போகும் வேகம். மீன் இருப்பதோ நகர்ந்துகொண்டிருக்கும் தண்ணீருக்குள். நீரோட்டத்தை எதிர்த்து ஓடும்போது திரையில் ஒன்றரை நாட் தெரியும்; கீழே ப்ளாஷர் தலைதெறிக்கச் சுற்றிக்கொண்டிருக்கும். திரும்பி ஓட்டத்தோடு போனால் திரையில் மூன்று. கீழே ஹூச்சி தூங்கும். அண்ணை திரையைப் பார்ப்பதே இல்லை. அவர் பார்ப்பது கம்பியை. இரையை ஆழத்துக்கு இறக்குவது டவுன்ரிகர் என்ற சிறு ராட்டினம். ஐந்தாறு கிலோ ஈயக் குண்டைக் கம்பியில் தொங்கவிடும். படகு ஓடும்போது அந்தக் கம்பி பின்னால் சாயும். அந்தச் சாய்வுதான் உண்மையான வேகமானி. "கம்பியைப் பாரும். பொய் சொல்லாதது அது ஒண்டுதான்" என்பார். சாய்வு கூடினால் குண்டு மேலே ஏறிவிடும். எண்ணில் நூற்றைம்பது அடி காட்டினாலும் இரை அந்த ஆழத்தில் இல்லை.

படகைத் திருப்பும்போது என்ன நடக்கிறது என்று கவனிக்கச் சொன்னதும் அவர்தான். இடது பக்கம் திரும்பினால் இடது தூண்டில் தயங்கும், கொஞ்சம் அமிழும்; வலது தூண்டில் வேகமெடுத்து மேலேறும். திருப்பத்தில் உள்பக்கத் தூண்டிலில் மீன் அடித்தால் நாம் வேகமாகப் போகிறோம் என்று மீனே சொல்கிறது. வெளிப்பக்கத்தில் அடித்தால் மெதுவாகப் போகிறோம் என்று. நேர்கோட்டில் மணிக்கணக்காக ஓட்டுபவருக்கு இந்தச் செய்தி கிடைக்காது. அதனால் அவர் படகு குடிகாரன் மாதிரி வளைந்து வளைந்து போகும்.

ஒரு ஆகஸ்ட் காலை, ஆம்பிட்ரைட் முனைக் கலங்கரை விளக்கத்தின் ஊதுகுழல் சத்தம் மட்டும் கேட்கிறது. மூடுபனியில் விளக்கே தெரியவில்லை. ஆகஸ்ட் முழுக்க அந்தக் கடலில் இப்படித்தான். பச்சை ஹூச்சி நூற்றிருபது அடியில். நரம்பைக் கம்பியோடு பிடித்திருந்த க்ளிப் பட்டென்று விட்டது. வளைந்து நின்ற கோல் ஒரு நொடி நிமிர்ந்து, மறுநொடி தண்ணீரைப் பார்த்துக் குனிந்தது. இந்த மாகாணத்தில் பலரும் பயன்படுத்துவது பல்சக்கரம் இல்லாத ஒற்றைச் சுற்று ராட்டை. மீன் ஓடும்போது கைப்பிடி எதிர்த்திசையில் சுழலும். விரலை எடுக்காதவனின் கணுக்களை அது கேட்டுவிடும். சால்மன் தூண்டில்களில் பின்முள் இருக்கக்கூடாது என்பது இங்கே சட்டம். குறட்டால் நசுக்கிவிட வேண்டும். அதனால் கயிறு ஒரு கணம் தொய்ந்தாலும் மீன் கழன்றுவிடும். அது கழலவில்லை. படகுக்குள் வந்த சினுக்கின் வயிற்றை அண்ணை உடனே கிழித்தார். சமைப்பதற்கு இல்லை, பார்ப்பதற்கு. இரைப்பைக்குள் பென்சிலைவிட ஒல்லியான வெள்ளி மீன்கள் வரிசையாக அடுக்கிவைத்த மாதிரி கிடந்தன. மணலுக்குள் புதைந்து வாழும் சின்ன மீன். இங்கே நீடில்பிஷ் என்பார்கள். கணவாய் ஒன்றுகூட இல்லை.

"ஏதோ இரக்கப்பட்டுக் கடிச்சிருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஹூச்சியைக் கழற்றி எறிந்தார். நீளமும் ஒல்லியுமான மூன்றரை அங்குல ஸ்பூன் ஒன்றை நாலு முழத்தில் கட்டச் சொன்னார். குண்டைத் தரைக்குப் பக்கத்தில் இறக்கினார், ஏனென்றால் அந்த மீன் மணலை ஒட்டித்தான் இருக்கும். அதன் பிறகு அன்று காலை நின்று பேச நேரமில்லை.

ஆற்றுக்குள் ஏறிவிட்ட சால்மன் எதையும் தின்பதில்லை. முட்டையிடப் போகிறது, குடல் சுருங்கிவிட்டது. அதைக் கடிக்க வைக்க எரிச்சலூட்ட வேண்டும், ஆசை காட்ட வேண்டும். ஐரோப்பிய ஆற்றுத் தூண்டில்காரர்கள் இருநூறு வருடமாக அழகழகாக இறகுப் பூச்சிகளைக் கட்டியது அதனால்தான். கடலில் இருக்கும் சால்மன் அப்படி இல்லை. அது பசியோடு இருக்கிறது, கொழுத்துக்கொண்டிருக்கிறது. இன்று எதைத் தின்கிறது, எந்த ஆழத்தில், அந்த இரை எப்படி நீந்தும்: இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் நிறம் நாலாவது கேள்வி.

அந்த இறகுப் பூச்சிகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஸ்காட்லாந்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தூண்டில்களில் பேர்பெற்றது ஜாக் ஸ்காட். அதன் உடம்பில் பாதி மஞ்சள் பட்டு, பாதி கறுப்புப் பட்டு, மேலே வெள்ளிச் சரிகை வரி. கன்னத்தில் ஒட்டவைத்திருக்கும் மினுங்கும் புள்ளி இறகு, நம் தென்னிந்தியக் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. மெழுகில் தோய்த்த மாதிரிப் பொட்டு இருக்கும் அந்த இறகுக்காக நம் நாட்டிலிருந்து கழுத்துத் தோல்கள் கப்பலேறின. இப்போது அந்தப் பறவை சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. பட்டும் ஜரிகையும் இறகும் எங்கள் பக்கத்துச் சாமான். மீன் மட்டும்தான் அவர்களுடையது.

இதைப் படித்த பிறகு எனக்குக் கை அரித்தது. வான்கூவர் தீவின் கவுச்சன் பே பகுதியில் கோஹோவுக்கு பக்டெய்ல் என்று ஒரு வழக்கம் உண்டு: நீண்ட முடி கட்டிய தூண்டிலை ஈயமில்லாமல், படகு கிளப்பும் நுரைக்குப் பின்னால், நீர்மட்டத்தில் வேகமாக இழுப்பது. ஒரு காலத்தில் பனிக்கரடி முடி; இப்போது மான்வால். ஊருக்குப் போயிருந்தபோது தறிக்காரச் சித்தப்பாவிடம் மிச்ச ஜரிகைக் கண்டு ஒன்று கேட்டு வாங்கினேன். "எதுக்குடா?" என்றார். மீனுக்கு என்றேன். "மீனுக்கு ஒரிஜினல் வேணுமா? இமிடேஷன் போதாதா?" என்று கேட்டபடியே உரசுகல்லில் தேய்த்து, உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறது பார் என்று காட்டினார். நல்ல ஜரிகை சூரத்திலிருந்து வருவது: பட்டிழையின்மேல் சுற்றிய வெள்ளித் தகடு, அதன்மேல் தங்க முலாம்.

தூண்டில் தண்டில் அதை இடைவெளி விடாமல் நெருக்கிச் சுற்றி, மேலே வெள்ளையும் பச்சையுமாக மான்முடி கட்டினேன். தண்ணீரில் அது ஓடிய அழகை நான் சொன்னால் பெருமை என்பீர்கள். மேல்மட்ட மீன், காலை வெயில், நுரை. நிறத்துக்கும் மினுக்குக்கும் முழு மரியாதை கிடைக்கும் இடம் அது ஒன்றுதான். கோஹோ பின்னாலிருந்து துரத்தி வருவது கண்ணுக்கே தெரியும், முதுகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு. உப்புத் தண்ணீரில் முலாம் தேய்ந்து வெள்ளி கறுக்கத் தொடங்கியதும், என் மனைவியின் நிறமற்ற நெயில் பாலிஷைப் பூசினேன். பிறகு கறுக்கவில்லை. பிடித்த கோஹோவில் முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவிலுள்ள சின்னக் கொழுப்புத் துடுப்பு வெட்டியிருந்தால் அது குஞ்சுப் பண்ணையில் பிறந்தது. முழுசாக இருந்தால் காட்டு மீன். பல இடங்களில், பல பருவங்களில் அதைத் திருப்பி விட்டுவிட வேண்டும். ஜரிகைக்கு மயங்கியவை பெரும்பாலும் காட்டு மீன்கள். அண்ணைக்கு அதில் ஒரே சிரிப்பு.

இதையெல்லாம் இன்னும் கடுமையாக்கி விளையாடுபவர்களும் உண்டு. கேம்பெல் ரிவரில் 1924-இல் தொடங்கிய டையி கிளப்பில் சேர வேண்டுமானால் இன்ஜின் கூடாது. துடுப்புப் போட்ட படகு, ஒற்றைத் தூண்டிலுள்ள பொய்யிரை, இருபது பவுண்டு நரம்பு. மீன் முப்பது பவுண்டுக்குக் குறையக் கூடாது. துடுப்பு வலிப்பவரின் கையில்தான் இரையின் ஆட்டம் முழுவதும் இருக்கிறது. எனக்கு அந்த வயசு போய்விட்டது.

நிறம் நாலாவது கேள்வி என்று மேலே சொன்னேன் அல்லவா? அல்பர்னி நீள்குடாவில் ஜூன், ஜூலையில் சாக்கை சால்மன் வரும்போது அந்த வாதம் தடுமாறும். சாக்கை, சினுக்கையும் கோஹோவையும் போல மீனைத் துரத்தித் தின்பதில்லை. அதன் உணவு பெரும்பாலும் கூனிப்பொடி போன்ற மிதவை உயிர்கள். அதற்கு வேகம் குறைய வேண்டும், தங்கூசி ஒன்றரை முழத்துக்கும் குறைய வேண்டும், பின்னால் இரையே இல்லாத வெறும் ப்ளாஷர்களைக் கூட்டத்துக்காகத் தொங்கவிட வேண்டும். இவ்வளவுக்கும் மேல், ரோஸ் ஹூச்சி. ரோஸ் மட்டும். குடா முழுக்க நூற்றுக்கணக்கான படகுகள், எல்லாவற்றிலும் ரோஸ். ஆழமோ அறுபது எழுபது அடி. சிவப்பின் குடும்பமே அங்கே எடுபடக் கூடாது.

எல்லோரும் ரோஸையே இழுத்தால் பிடிபடுகிற மீனெல்லாம் ரோஸில்தானே பிடிபடும், இதில் என்ன நிரூபணம் என்று அண்ணையிடம் கேட்டேன். தட்டில் கட்டி இறக்கிக் காட்டியவர் அவர்தானே.

"அது வேற மீன், தம்பி" என்றார்.

"தண்ணி அதே தண்ணிதானே?"

"அப்ப நீர் பச்சையைப் போட்டுப் பாருமன்."

போட்டேன். அவர் பக்கத்துக் கோல் குனிந்து குனிந்து நிமிர்ந்தது. என் பக்கம் மத்தியானம் வரை எதுவும் அடிக்கவில்லை. சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, ஒன்றும் பேசாமல் பெட்டியைத் திறந்து ஒரு ரோஸ் ஹூச்சியை எடுத்து நீட்டினார். வாங்கிக் கட்டினேன்.